லாரிக்குள் ஒரு தண்ணீர்ப் பெட்டி

நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி ஒரு நடைக்கு 2,400 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், போவதற்கு மட்டும் 600 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, "10 சதவீதம் மிச்சம் பிடித்துத் தருகிறேன்" என்று யார் வந்து சொன்னாலும் லாரி உரிமையாளர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார். நடைக்கு 5,400 ரூபாய் என்பது சும்மா இல்லை.

அந்த 10 சதவீதத்தைத் தருவதாகச் சொல்லி உலகம் முழுக்கச் சுற்றிவரும் சரக்குதான் எச்எச்ஓ கிட். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எஞ்சின் இழுக்கும் காற்றோடு சேர்த்துவிடுவது. 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது அமெரிக்காவில் பலர் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தார்கள். இன்றும் டீசல் விலை ஏறும்போதெல்லாம் பேச்சு மறுபடி கிளம்பும்.

செய்வது பெரிய வித்தை இல்லை, அதுதான் இதன் கவர்ச்சி. 316எல் ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு 13 வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த அக்ரிலிக் பலகை கொடுத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கினால் 12 அறைகள் கிடைக்கும். மின்சாரம் முதல் தகட்டுக்கும் கடைசித் தகட்டுக்கும் மட்டும்தான். நடுவில் இருப்பவற்றுக்கு வயர் கிடையாது. தண்ணீரைப் பிரிக்க ஒரு அறைக்குச் சுமார் 2 வோல்ட் இருந்தால் போதும். லாரியின் 24 வோல்ட்டை ஒரே அறைக்குக் கொடுத்தால் மிச்சமெல்லாம் சூடாகி, பெட்டி கொதிக்கும். அதைப் பங்கு போடத்தான் 12 அறைகள்.

வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. காஸ்டிக் பொட்டாஷ் கொஞ்சம் கலக்க வேண்டும். கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இதற்குப் பயந்து சிலர் சமையல் உப்பைப் போடுகிறார்கள். அது அதைவிட மோசம்: குளோரின் வாயு வரும். கொஞ்ச நாளில் அடியில் தேங்கும் பழுப்புச் சேற்றில் எஃகிலிருந்து கரைந்த குரோமியம் இருக்கும். அதில் ஒரு வகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பட்டறை ஓரச் சாக்கடையில் கொட்டுகிற பொருள் இல்லை.

வாயு நேராக எஞ்சினுக்குப் போகக் கூடாது. பாதி தண்ணீர் நிரம்பிய இன்னொரு குடுவைக்குள் புகுந்து, குமிழியாக மேலே வந்து, ஏர் ஃபில்டருக்கு அப்பால் உள்ள ஹோஸில் சேர வேண்டும். எஞ்சின் பக்கமிருந்து தீ திரும்பி ஓடிவந்தால் அந்தத் தண்ணீரில் அணையும் என்பது ஏற்பாடு. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலும் எரியும், 75 சதவீதம் இருந்தாலும் எரியும். இங்கே ஆக்ஸிஜனும் சரியான அளவில் கூடவே வருவதால் எரிவதில்லை, வெடிக்கிறது. பெட்டிக்குச் சாவியிலிருந்து மட்டும் லைன் எடுப்பது இன்னொரு தப்பு. எஞ்சின் ஆஃப் ஆகி, சாவி ஆன் நிலையில் இருந்தால் வாயு உள்ளே தேங்கிக்கொண்டே போகும். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணைத்தால்தான் எஞ்சின் நின்றவுடன் பெட்டியும் நிற்கும்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாயிற்று, நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுத் தயாரிப்புக்கு நல்ல விளைச்சல்தான். இனி கணக்கு.

அந்த 1 லிட்டரில் இருக்கும் சக்தி சுமார் 7 கிலோஜூல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் லாரி மணிக்குப் பன்னிரண்டரை லிட்டர் டீசல் குடிக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,500 கிலோஜூல். அதில் இந்த 7 எந்த மூலைக்கு? ஆயிரத்தில் ஒரு பங்கு. இதுவும் இலவசமாக வருவதில்லை. நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு தயாரிக்கச் சுமார் 240 வாட் மின்சாரம் வேண்டும். அதைக் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் தனக்கு வரும் சக்தியில் பாதிக்குப் பக்கத்தில் விழுங்கிவிடுகிறது. அதைச் சுழற்றும் எஞ்சின் டீசலில் 60 சதவீதத்தைச் சூடாகவே வெளியே விடுகிறது. கூட்டிப் பார்த்தால் நிமிடத்துக்கு 70 கிலோஜூல் டீசல் எரித்து 7 கிலோஜூல் வாயு வாங்குகிறோம். கந்துவட்டிக்காரன்கூட இப்படி வாங்கமாட்டான்.

விற்பவர்களிடம் இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "சார், இது எரிபொருள் இல்லை, டீசலை முழுசா எரிய வைக்கிற மருந்து." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழுதில்லாத டீசல் எஞ்சின் தனக்குள் வரும் டீசலில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. எரியாமல் தப்புவதை முழுக்க எரித்தாலும் 2 சதவீதத்துக்கு மேல் மிச்சம் வர வழியே இல்லை. போதாததற்கு, 6 லிட்டர் டர்போ எஞ்சின் சாலை வேகத்தில் நிமிடத்துக்குச் சில ஆயிரம் லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் முக்கால் லிட்டர்கூட இல்லாத ஹைட்ரஜன் என்ன மருந்து போடும்?

1977-இல் நாசா செய்த ஆய்வையும் அடிக்கடி காட்டுவார்கள். ஆய்வு உண்மை. ஆனால் அது பெட்ரோல் எஞ்சினில், மெத்தனாலிலிருந்து பிரித்த ஹைட்ரஜனை வைத்துச் செய்தது. பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி ஓட்ட முடியுமா என்பதே கேள்வி. டீசல் எஞ்சின் பிறவியிலேயே அப்படித்தான் ஓடுகிறது. இந்த மாதிரிப் பேச்சு நீதிமன்றம் வரை போனதும் உண்டு: தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் மீது, அவரிடம் பணம் போட்ட இருவர் வழக்குப் போட, 1996-இல் அமெரிக்காவின் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்து 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது.

லாரி எஞ்சினில் ஹைட்ரஜனே ஆகாது என்று சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து ஹைட்ரஜனில் ஓடும் கனரக லாரியை அறிமுகப்படுத்தின. அதில் ஹைட்ரஜன்தான் எரிபொருள். வெளியே தயாராகி, உருளைகளில் அடைத்து வருகிறது. ஓடும் வண்டியே தனக்கு ஹைட்ரஜன் காய்ச்சிக்கொள்வதில்லை.

அப்படியானால், கிட் மாட்டியபின் மைலேஜ் ஏறியதாகச் சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. லாரியின் மைலேஜ் லோடு, எதிர்காற்று, டயர் காற்று, தார்ப்பாய் கட்டிய விதம், டிரைவரின் கால் என்று எதற்கெல்லாமோ மாறுவது. ஒரே வண்டி ஒரே ரூட்டில் 10 சதவீதம் கூடக் குறைய ஓடுவது சாதாரணம். கிட் மாட்டும்போது பட்டறையில் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருப்பார்கள். செலவு செய்த முதலாளி கவனிக்கிறார் என்று டிரைவரும் நிதானமாக மிதித்திருப்பார். பெட்டி தின்னும் டீசல் 1 சதவீதத்துக்குள்தான் என்பதால் அந்த நஷ்டமும் கண்ணில் படாது.

வாங்கத்தான் போகிறேன் என்பவர், வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரும் என்பதையும், வாரண்டி போகும் என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு விற்பவரிடம் ஒன்று கேட்கலாம்: சுவிட்ச் டிரைவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். ஒரே லோடு, ஒரே ரூட், ஒரே பங்க், டேங்கை ஒவ்வொரு முறையும் வாய் வரை நிரப்புவது. எந்த நடையில் பெட்டி ஓடியது என்று டிரைவருக்குத் தெரியாமல் பத்து நடை ஆன், பத்து நடை ஆஃப். டீசல் பில்லைக் கூட்டிப் பார்த்தபின் பணம்.