ஓ.சி. வகுப்பு: என் பிள்ளையைப் போடலாமா, விடலாமா?

போன நவம்பர் மாதம் லிட்கம் பக்கத்தில் வசிக்கும் ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு ரியூசன் நிலையத்தின் துண்டுப்பிரசுரம். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. "அக்கா, எல்லாரும் ஓ.சி., ஓ.சி. எண்டு கதைக்கினம். அதிலை எடுபடாட்டி பிள்ளையின்ரை படிப்பே போச்சு எண்டு சொல்லினம். ரியூசனுக்குக் கட்ட எங்களிட்டைக் காசு இல்லை. என்ன செய்யிறது?" என்று கேட்டார். தாய் கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த பிள்ளை குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை எடுத்துத் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். ஆகவே இந்த இதழில் ஓ.சி. வகுப்பு என்றால் என்ன, யாருக்கு அது நல்லது, எப்படி விண்ணப்பிப்பது என்பவற்றை விளக்குகிறோம்.

ஓ.சி. என்றால் என்ன?

ஒப்பச்சூனிற்றி கிளாஸ் என்பதையே சுருக்கமாக ஓ.சி. என்கிறோம். நியூ சவுத் வேல்ஸ் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றில், படிப்பில் மிகுந்த ஆற்றல் உள்ள பிள்ளைகளுக்காக ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் நடத்தப்படும் தனி வகுப்பு இது. 1930களிலிருந்தே இருந்து வருகிறது. இப்போது எழுபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளில், வருடத்துக்கு ஏறத்தாழ 1,800 இடங்கள் உள்ளன. விண்ணப்பிப்பவர்களோ பத்தாயிரத்துக்கும் மேல். அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதில்லை. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் மற்ற வகுப்புகளுக்கு உள்ள அதே பாடத்திட்டம்தான். ஆனால் வேகமாகவும் ஆழமாகவும் போவார்கள். லிட்கம் பக்கத்தவர்களுக்கு எட்டக்கூடிய இடங்களில் எர்மிங்டன், கிரேஸ்டேன்ஸ், கிராவீன், சமர் ஹில் ஆகிய அரசாங்கப் பாடசாலைகளில் இந்த வகுப்புகள் இருக்கின்றன.

இது ஊர் ஸ்கொலர்ஷிப் சோதனை போலவா?

எங்கள் ஆட்கள் உடனே நினைப்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைத்தான். இலங்கையில் வருடம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளி வந்தவுடன் ஊர் முழுக்கக் கதை. வறிய பிள்ளைக்கு உதவிப் பணமும், பெரிய பாடசாலையில் இடமும் அதனால் கிடைத்தன. பலருடைய வாழ்க்கையை அது மாற்றியதும் உண்மை.

இங்கே நிலைமை வேறு. ஓ.சி.யால் காசு கிடைப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சோதனையை எழுதுவதே இல்லை. எழுதாத பிள்ளையும் நல்ல உயர்நிலைப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். முக்கியமாக, ஓ.சி.யில் படித்ததால் ஏழாம் வகுப்பில் செலக்ரிவ் பாடசாலை தானாகக் கிடைக்காது. அதற்கு ஆறாம் வகுப்பில் வேறு சோதனை எழுதவேண்டும். ஓ.சி.யில் படிக்காத பிள்ளையும் அதை எழுதலாம். ஆகவே ஓ.சி.யில் எடுபடாவிட்டால் ஒரு கதவும் பூட்டப்படுவதில்லை.

எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

பலர் தவறவிடுவது இந்தத் திகதியைத்தான். பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, வருடக் கடைசியில் விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் நவம்பரில் திறந்து அடுத்த பெப்ரவரியில் மூடியிருக்கிறார்கள். சோதனை நான்காம் வகுப்பில், மே மாதம். முடிவு மூன்றாம் தவணையில் வரும். கோடை விடுமுறை இடையில் வருவதால் மறந்துபோவது சுலபம். கடைசித் திகதியை ஒரு கலண்டரில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள்.

விண்ணப்பம் கல்வித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மட்டுமே. கட்டணம் ஒரு சதமும் இல்லை. யாராவது "விண்ணப்பக் காசு" கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். முடிவும் அதற்குத்தான் வரும், ஆகவே ரியூசன்காரரின் முகவரியையோ தெரிந்தவரின் முகவரியையோ கொடுக்கவேண்டாம். பாடசாலைகளை உங்கள் விருப்ப வரிசைப்படி போடவேண்டும். உண்மையில் பிள்ளையை அனுப்பக்கூடிய பாடசாலையை மட்டும் எழுதுங்கள்.

விசா பற்றி ஒரு சொல். 2023 பெப்ரவரிக்குப் பிறகு, தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த பலருக்கு நிரந்தர விசாவுக்கு வழி கிடைத்தது. ஆனால் இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கும் குடும்பங்களும் எங்களிடம் வருகின்றன. ஓ.சி. இடத்துக்கு வதிவிட நிலை பார்க்கப்படும். நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர்கள் பிள்ளைக்கு ஆசை காட்ட முதல், விசாக் கடிதத்தோடு பாடசாலை அதிபரிடமோ திணைக்களத்தின் இதற்கான பிரிவிடமோ கேட்டுத் தெளிவாகுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து கேட்போம்.

சோதனையில் என்ன இருக்கும்?

மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பு, கணித நியாயம், சிந்தனைத் திறன். ஒவ்வொன்றும் 30 அல்லது 40 நிமிடம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி. எல்லாமே விடையைத் தெரிவுசெய்யும் கேள்விகள், கட்டுரை எழுதத் தேவையில்லை. 2025 முதல் சோதனை கணினியில் நடக்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை மவுஸ் பிடித்துப் பழகவேண்டும். நூலகத்தில் கணினியை இலவசமாகப் பாவிக்கலாம்.

2025இல் சில பெரிய சோதனை நிலையங்களில் செலக்ரிவ் சோதனையின்போது நெரிசல் ஏற்பட்டு, சில அமர்வுகளைப் பின்போடவேண்டி வந்தது. சனக்கூட்டத்தையும் பொலிஸையும் கண்டால் பதறுகிற பிள்ளைகள் எங்களிடையே உண்டு. முதல் நாளே அந்த இடத்தைக் காட்டி, என்ன நடக்கும் என்று அமைதியாகச் சொல்லி வையுங்கள்.

முடிவு வரும்போது புள்ளி வராது. முதல் 10 வீதத்தில், அடுத்த 15 வீதத்தில் என்று பிரிவு மட்டும்தான் சொல்வார்கள். சிலர் காத்திருப்போர் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்குப் பிறகு இடம் வரலாம்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கீடு உண்டா?

"அகதி" என்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து, இடங்களில் 20 வீதம் வரை சம வாய்ப்புக்காக வைக்கப்படுகிறது. பொருளாதார, கல்வி வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், பூர்வீகக் குடிப் பிள்ளைகள், தூரப் பிரதேசப் பிள்ளைகள், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு இது. இந்தப் பிள்ளைகளும் அதே சோதனையைத்தான் எழுதவேண்டும், பாடசாலைக்குத் தேவையான மட்டத்துக்குக் கிட்ட வரவேண்டும். இது பிச்சை இல்லை. வசதி குறைந்த வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்பதே இதன் பொருள்.

பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், என்ன தொழில் என்று படிவங்களில் கேட்பது இதற்குத்தான் உதவுகிறது. எங்கள் ஆட்கள் சிலர் வெட்கத்தில் அதை வெறுமையாக விடுகிறார்கள். சிலர் கிளீனிங் வேலை என்று எழுதக் கூச்சப்பட்டு வேறு ஏதோ எழுதுகிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ரியூசன் கட்டாயமா?

இல்லை. மாதிரிச் சோதனைகள் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேள்வியின் அமைப்பு பழகுவதற்கு அவற்றைச் சில தடவை செய்தால் போதும். வாசிப்புப் பகுதிக்கு நல்ல தயாரிப்பு, வருடக்கணக்காகக் கதைப் புத்தகம் வாசிப்பதுதான். நூலக அட்டை இலவசம். வீட்டில் தமிழில் கதைப்பது ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்று பயப்படவேண்டாம். தமிழில் காரணம் கேட்டு, விளக்கம் சொல்லிப் பழகும் பிள்ளைக்குச் சிந்தனைத் திறன் வளரும்.

ரியூசனுக்கு விடுவது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. வசதியும் பிள்ளைக்கு விருப்பமும் இருந்தால் அது உங்கள் முடிவு. ஆனால் வாடகைக் காசை எடுத்தோ, தாய் இன்னொரு இரவு வேலைக்குப் போயோ ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ரியூசன் கட்டவேண்டாம். அந்தக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியும். "நான் பாஸ் பண்ணாட்டி அப்பா கோவிப்பாரோ?" என்று எங்களிடமே கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நன்மை என்ன, கஷ்டம் என்ன?

வகுப்பில் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளை, ஓயாமல் ஏன், எப்படி என்று கேட்கும் பிள்ளை, தன்னைப் போல யோசிக்கும் நண்பர் இல்லாமல் தனித்துப்போகும் பிள்ளை ஆகியோருக்கு ஓ.சி. பெரிய ஆறுதலாக இருக்கும். அங்கே கெட்டிக்காரியாக இருப்பது கேலிக்குரிய விஷயமில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பழைய வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்தவர் அங்கே போய் இருபதாம் பிள்ளை ஆகலாம். பேர்பெற்ற கல்வி ஆய்வாளர் ஹேர்பேர்ட் மார்ஷ் 1980களில் இதைப் "பெரிய மீன், சின்னக் குளம்" என்று விளக்கினார். சின்னக் குளத்தில் தன்னைப் பெரிய மீனாக நினைத்தது, பெரிய குளத்துக்குப் போனதும் தன்னைச் சிறிதாக நினைக்கத் தொடங்கும். 1995இல் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றும், திறமைசாலிகளுக்கான தனி வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் படிப்பைப் பற்றிய நம்பிக்கை குறைவதைக் காட்டியது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்காது. ஆனால் புதிய நாட்டில் இப்போதுதான் காலூன்றி, முதல் நண்பரைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு இன்னொரு இடமாற்றம் தாங்குமா என்பதை யோசிக்கவேண்டும்.

பயணத்தையும் பாருங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை, வீட்டுக்கும் பாடசாலைக்கும் நேர்கோட்டில் 1.6 கிலோமீற்றருக்கு மேல் தூரம் இருந்தால் இலவச ஸ்கூல் ஓப்பல் அட்டை கிடைக்கும். காசுப் பிரச்சினை தீரும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைக் காலையில் யார் கொண்டுபோவது, பின்னேரம் யார் கூட்டிவருவது? தம்பி, தங்கை லிட்கத்தில் வேறு பாடசாலையில் படித்தால் இரண்டு இடத்துக்கும் ஓட முடியுமா?

இடம் கிடைக்காவிட்டால், அல்லது வேண்டாம் என்றால்?

திறமையான பிள்ளையைக் கவனிப்பது ஓ.சி. பாடசாலைகளின் வேலை மட்டுமல்ல. 2021 முதல் நடைமுறையில் உள்ள கொள்கைப்படி, நியூ சவுத் வேல்ஸின் ஒவ்வொரு அரசாங்கப் பாடசாலையும் உயர் ஆற்றல் உள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு ஏற்ற வேலை கொடுக்கவேண்டும். படிப்பு மட்டுமல்ல, கலை, உடல் ஆற்றல், சமூக-உணர்வு ஆற்றல் என நான்கு துறைகளிலும் இது பொருந்தும்.

ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் நேரம் கேட்டுச் சென்று கதையுங்கள். "என் பிள்ளைக்கு வேலை சுலபமாக இருக்கிறது, மேலதிகமாக என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இங்கே அது சாதாரணம். ஆங்கிலம் இன்னும் சரளமாக வராத பிள்ளையின் திறமை ஆசிரியர் கண்ணில் படாமல் போகலாம். தமிழில் என்ன வாசிக்கிறார், கணக்கை மனதில் எப்படிச் செய்கிறார், வீட்டுக் கடிதங்களை எப்படி வாசித்து விளங்கப்படுத்துகிறார் என்பதைச் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450க்கு அழைத்து, தமிழ் என்று சொல்லி, பாடசாலையோடு இணைக்கக் கேளுங்கள். இந்தச் சேவைக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

மெல்பேர்ணில் உள்ள உறவினருக்கு: விக்டோரியாவில் ஓ.சி. இல்லை. அங்கே ஐந்தாம் முதல் எட்டாம் வகுப்பு வரை ஆற்றல் மிக்க மாணவருக்கு அரசாங்கப் பாடசாலைகள் மூலம் இணையவழி வகுப்புகள் உள்ளன. அதற்குப் பெற்றோர் விண்ணப்பிப்பதில்லை, பாடசாலை வழியாகத்தான் தெரிவு. சோதனை எழுதிச் சேரும் நான்கு அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகள் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன.

முடிவெடுக்க முதல் உங்களை நீங்களே கேளுங்கள்

1. இது பிள்ளையின் தேவையா, எங்கள் கௌரவமா?
2. பிள்ளையிடம் கேட்டோமா? அவருக்குப் போக விருப்பமா?
3. இப்போதைய பாடசாலையில் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாரா? அங்கே இன்னும் என்ன கேட்கலாம்?
4. இரண்டு வருடமும் கொண்டுபோய்க் கூட்டிவர முடியுமா?
5. கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன சொல்லப்போகிறோம்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் சோதனைக்கு அனுப்பவேண்டாம். போரையும் கடலையும் முகாமையும் தாண்டி வந்த எங்களுக்கு, பிள்ளைகள்தான் எல்லாம். அதனாலேயே நாங்கள் இழந்தது எல்லாவற்றையும் ஒரு சின்னப் பிள்ளையின் ஒரு நாள் சோதனையில் மீட்கப் பார்க்கிறோம். அந்தப் பாரத்தை அவர்கள் தூக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன தாய் கடைசியில் விண்ணப்பித்தார். படிவத்தை எங்கள் கணினியில் சேர்ந்து நிரப்பினோம். ரியூசனுக்கு விடவில்லை. மாதிரிச் சோதனையும் நூலகமும்தான். பிள்ளை சோதனை எழுதிவிட்டு வந்த பிறகு தாய் எங்களுக்குப் போன் எடுத்தார். "கிடைச்சாலும் கிடைக்காட்டியும், முடிவு வாற அண்டைக்கு இரவு வீட்டிலை தோசைதான் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன் அக்கா" என்றார்.

உங்கள் பிள்ளை இந்த வருடம் மூன்றாம் வகுப்பு என்றால் நவம்பரில் எங்களிடம் வாருங்கள். படிவம் நிரப்ப உதவுகிறோம். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வாருங்கள், வகுப்பு ஆசிரியரோடு என்ன கதைப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.