காவலரைக் குறைத்துக் காட்டைக் காக்க முடியுமா?

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே குருக்கள்மடம், மேற்கே அம்பிளாந்துறை. இவ்விரு கரைகளையும் 'பாதை' எனும் படகுச் சேவை நீண்டகாலமாக இணைத்து வந்துள்ளது. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழும் விவசாயிகள் பலர். விதைப்புக்கும் மழைக்கும் மட்டுமே கவலைப்பட்ட இம்மக்களுக்கு இன்று யானைகளின் வருகையும் பெருங்கவலையாகியுள்ளது.

2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் இம்மோதலில் உயிரிழந்தனர். வயலுக்குள் யானை புகுந்தால் மக்கள் முதலில் அழைப்பது வனஜீவராசிகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்களையே. அவர்கள் வரத் தாமதித்தால் கோபமும் அவர்கள் மீதே பாய்கிறது. ஆனால், பரந்ததொரு பிரதேசத்துக்கு ஒரு சில உத்தியோகத்தர்களும் ஓரிரு வாகனங்களுமே உள்ள நிலையில் தாமதம் எவ்வாறு தவிர்க்கப்படும் என்பதை எவரும் கேட்பதில்லை.

இலங்கையில் யால, வில்பத்து ஆகியன 1938இல் தேசிய பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. வனஜீவராசிகள் திணைக்களம் 1949இல் உருவானது. கிழக்கின் கல்லோயா 1954இலும், மாதுறு ஓயா 1983இலும் பூங்காக்களாயின. எனினும் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் மட்டும் காடு காப்பாற்றப்படுவதில்லை. அதன் எல்லையில் நாள்தோறும் நடக்கும் மனிதர்களாலேயே அது காப்பாற்றப்படுகிறது.

மின்சார வேலியையே எடுத்துக்கொள்வோம். புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்தில் கசிந்து வேலி வலுவிழந்துவிடும். சூரியசக்தி மின்கலம் பழுதடைந்தாலும் இதே கதிதான். யானையோ வேலியின் பலவீனமான இடத்தை விரைவிலேயே அறிந்துகொள்கிறது. எனவே பெருந்தொகை செலவிட்டு அமைக்கப்பட்ட வேலியின் பயன், அதனைத் தினமும் நடந்து பார்த்துத் துப்புரவாக்கும் ஓர் ஊழியரிலேயே தங்கியுள்ளது.

இத்தகைய ஊழியர்களே செலவுக் குறைப்பின்போது முதலில் மறக்கப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து அரசாங்கத் துறையில் ஆட்சேர்ப்பு கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி, 60 வயதைக் கடந்த அரச ஊழியர்கள் பெருந்தொகையாக ஓய்வுபெற்றனர். 2023 ஜனவரியில் அமைச்சுகளின் ஒதுக்கீடுகள் மேலும் குறைக்கப்பட்டன. இது வறிய நாடுகளின் பிரச்சினை மட்டுமன்று. 2025 பெப்ரவரியில் அமெரிக்கத் தேசிய பூங்காச் சேவையின் தகுதிகாண் காலத்திலிருந்த சுமார் 1,000 ஊழியர்கள் பணிநீக்கப்பட்டமை அந்நாட்டிலும் பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது.

ஊழியர் இல்லாவிட்டால் தொண்டர்கள் இருக்கிறார்களே எனச் சிலர் வாதிடலாம். தொண்டர்களின் பணி போற்றுதற்குரியதே. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பினாலேயே சாத்தியமாகிறது. வேலியைப் பராமரிக்கவும் யானை நடமாட்டத்தை முற்கூட்டி அறிவிக்கவும் கிராமத்து இளைஞர்களால் முடியும். ஆயினும், சட்டவிரோதமாக வேட்டையாடுபவரைக் கைதுசெய்யும் அதிகாரமோ, காயமுற்ற யானையை மயக்கிச் சிகிச்சையளிக்கும் பயிற்சியோ தொண்டருக்கு இல்லை. இரவில் யானையின் முன் நிற்கும் அவருக்கு விபத்து நேர்ந்தால் அவரது குடும்பத்தின் பொறுப்பை ஏற்பவர் யார்? தொண்டர் ஊழியருக்குத் துணையாகலாம்; ஊழியருக்குப் பதிலாக முடியாது.

உண்மையில், இங்கே செலவு மீதப்படுத்தப்படுவதில்லை. அரசின் கணக்கிலிருந்து விவசாயியின் கணக்குக்கு அது மாற்றப்படுகிறது. உறக்கமற்ற காவல், அழிந்த பயிர், உடைந்த வீடு என அவரே அதனைச் செலுத்துகிறார். பொறுமையிழந்த சிலர் மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும்போது யானையும் சாகிறது. அவ்வழியே நடந்த அயலவரும் சாகிறார்.

ஆகவே காவல் பணிக்கான வெற்றிடங்களைப் பொதுவான ஆட்சேர்ப்புக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குதல் அவசியம். படுவான்கரை மக்களின் மொழியையும் நிலத்தையும் அறிந்த இளைஞர்களுக்கு அப்பணிகளில் இடமளிக்கப்பட வேண்டும். தொண்டர்களுக்குப் பயிற்சியும் காப்புறுதியும் கிடைக்க வேண்டும். பூங்காக்களின் நுழைவுக் கட்டண வருமானத்தில் உரிய பங்கு அவற்றின் எல்லைக் கிராமங்களைச் சென்றடைய வேண்டும். காட்டைக் காப்பவரைக் கைவிடும் நாடு, காட்டையும் கிராமத்தையும் ஒருங்கே கைவிடுகிறது என்பதை ஆட்சியாளர்கள் உணர்வார்களாக.