மீண்டும் குடித்தவரை என்ன செய்வது? குடிநோயும் சட்டமும் இயக்கத்தின் பொறுப்பும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கொன்றில் புகார் கொடுத்தவரும் முதல் சாட்சியும் ஒருவரே. ஐந்து மாதங்களாக அவர் குடியைத் தொடவில்லை. சாட்சி விசாரணைக்கு மூன்று நாட்களுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் 'சமாதானம்' பேச வந்தார்கள். அவருக்கு வேலை தரும் நிலக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்றிரவு புகார்தாரர் மீண்டும் குடித்தார். விசாரணை நாளில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பவத்தைப் பற்றிக் கேட்டதைவிட அவருடைய குடியைப் பற்றிக் கேட்டதே அதிகம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதுவரை அவரோடு நின்ற தோழர்கள் சிலர் "இவரை நம்பி இனி வழக்கு நடத்த முடியாது" என்று ஒதுங்கியது.

குடியை நிறுத்தியவர் மீண்டும் குடித்தால் குடும்பம் அதைச் சத்தியம் மீறியதாகக் கொள்கிறது. ஊர் அதைப் பிறவிக் குணம் என்கிறது. இயக்கம் ஒழுக்கக் கேடு என்கிறது. மருத்துவமும் சட்டமும் இதனை வேறு விதமாக அணுகுகின்றன. அந்த அணுகுமுறை என்ன, மீண்டும் குடித்தவருக்கு எங்கே துணை கிடைக்கும், நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சறுக்கலும் மறுவீழ்ச்சியும்

மதுச் சார்பை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு நோயாகவே பட்டியலிட்டுள்ளது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து குடிப்பவரின் மூளை, மது இருக்கும் நிலைக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. போதைச் சார்பு நோய்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் சிகிச்சைக்குப் பின்னும் ஒருமுறையேனும் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்பது மருத்துவர்கள் பரவலாக ஏற்கும் கணக்கு. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்கள் மீண்டும் தலைதூக்கும் விகிதத்தோடு இது ஒப்பிடத்தக்கது. இரத்த அழுத்தம் மறுபடி ஏறியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாம், மறுபடி குடித்தவரைத் திண்ணையில் படுக்க வைக்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் ஒரு முக்கியமான வேறுபாட்டை வகுத்துக் காட்டினார். நிறுத்திய பின் ஒருமுறை குடிப்பது சறுக்கல். பழைய குடிக்கே முழுமையாகத் திரும்புவது மறுவீழ்ச்சி. முன்னது பின்னதில் முடிந்தே தீர வேண்டும் என்பதில்லை. "எல்லாம் பாழாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன பயன்?" என்ற குற்றவுணர்வே சறுக்கியவரை மறுவீழ்ச்சிக்குத் தள்ளுகிறது. சறுக்கிய மறுநாள் அவரிடம் நாம் பேசும் சொற்கள் அந்தக் குற்றவுணர்வை வளர்க்கலாம், தணிக்கவும் செய்யலாம்.

மனவேதனை, பிறரோடு மோதல், சுற்றியுள்ளோரின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும் முக்கியமான தூண்டுதல்கள் என்பதையும் மார்லட் கண்டறிந்தார். வன்கொடுமைப் புகார் கொடுத்த ஒரு தலித்தின் வாழ்வில் இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேரும். நம் வழக்கில் ஒரே மாலையில் வந்தன.

திடீரென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலும் படபடப்பும் கூடும். இந்நிலைக்குச் சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே அறையில் பூட்டி வைப்பதும், கோயிலில் கயிறு கட்டிவிட்டு மருத்துவரைத் தவிர்ப்பதும் கூடாது. குடித்தால் ஒவ்வாமையை உண்டாக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

வழக்கறிஞர்களும் களப்பணியாளர்களும் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். குடிநோயாளி ஒருவர் கைது செய்யப்பட்டால் இந்த ஆபத்தான நாட்களைக் காவல் நிலையத்திலோ சிறையிலோ கழிக்க நேரிடும். கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. அவர் நாள்தோறும் குடிப்பவர் என்பதை மருத்துவரிடமும், காவலில் வைக்க உத்தரவிடும் நீதித்துறை நடுவரிடமும் முதல் நாளே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஓர் உயிர் போகக்கூடும்.

குடியின் சாதி

சாவுக்குப் பறையடிப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் கூலியின் ஒரு பகுதியாகச் சாராயம் கொடுப்பது பல ஊர்களில் தொடர்ந்து வந்த வழக்கம். ஊதியத்தைப் பணமாகவே தர வேண்டும் என்ற அடிப்படைச் சட்ட விதி அங்கே செல்லுபடியாவதில்லை. கழிவுநீர்க் குழிக்குள் இறங்குபவர், போதையில்லாமல் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். குடிக்கும் சூழலை உருவாக்கிவிட்டுப் பின்னர் 'குடிகாரச் சாதி' என்று பழிப்பது சாதியத்தின் பழைய உத்தி.

அரசுக்கும் இதில் பங்குண்டு. பொதுநலத்துக்காக மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 47ஆம் உறுப்பு. தமிழ்நாட்டிலோ 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. இன்று அதன்வழி அரசுக்குக் கிடைக்கும் வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பலர் தலித்துகள், அன்றாடக் கூலிகள்.

விற்பதற்கு இவ்வளவு பெரிய அமைப்பு இருக்கிறது. மீட்பதற்கான ஏற்பாடு எப்படி? நாட்டில் மதுச் சார்புள்ளவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளிச் சிகிச்சை 180 பேரில் ஒருவருக்கு மட்டுமே. ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின் கணக்கு இது.

சட்டம் தரும் உரிமைகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. ஆகவே அச்சட்டத்தின் உரிமைகள் குடிநோயாளிக்கும் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்கிறது 18ஆம் பிரிவு. எத்தனையாவது முறை வருகிறார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. "போன தடவையும் இப்படித்தான் வந்தாய்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப எந்த அரசு நிலையத்துக்கும் அதிகாரம் கிடையாது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு.

தனியார் 'மறுவாழ்வு மையங்கள்' சிலவற்றில் அடியும் உதையுமே சிகிச்சை. பதிவு செய்யாமல் மனநல நிலையம் நடத்துவதை 65ஆம் பிரிவு தடைசெய்கிறது. யாரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாம் என்பது தவறான எண்ணம். ஒருவரின் சுயவிருப்பம் இல்லாமல் சேர்ப்பதற்கு 89ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது: உளமருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், முதற்கட்ட அனுமதி 30 நாட்களைத் தாண்டக் கூடாது. மீறல்களை மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் வழக்குக் காலத்தில் சமூக, பொருளாதார மறுவாழ்வு தர வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு. குடிநோய்ச் சிகிச்சையும் அந்த மறுவாழ்வில் அடங்கும் என்று சிறப்பு நீதிமன்றத்தில் நாம் கோர வேண்டும்.

துணை எங்கே கிடைக்கும்?

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றின் மனநலப் பிரிவை முதலில் அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணான 14446இலும் கட்டணமின்றிப் பேசலாம். மீண்டும் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் சொல்லும் காலம் வரை எடுத்துக்கொள்ள வேண்டும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. கட்டணம் கிடையாது, பெயரை வெளியிட வேண்டியதில்லை. குடித்தவரே குடித்தவருக்குத் துணையாவது அவற்றின் பலம்.

ஆனால் கூட்டம் ஊர்த்தெருவில் நடந்தால் சேரியிலிருந்து போகிறவர் தயங்குவார். அம்பேத்கர் மன்றத்திலோ இரவுப் பாடசாலையிலோ வாரம் ஒருநாள் மாலையை இதற்கென ஒதுக்குவது நம்மால் இயலாத காரியமல்ல. கல்லூரி மாணவர்கள் இதை முன்னெடுக்கலாம்.

நீதிமன்றத் தேதி, கூலி கிடைக்கும் நாள், சாவு, திருவிழா ஆகியவை ஆபத்தான நாட்கள் என்று முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் இரண்டு பேர் அவரோடு இருக்க வேண்டும். இரவில் அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் அவரிடம் இருக்க வேண்டும். சறுக்கினால், எப்போது, எங்கே, யாரோடு என்று கேட்டு அடுத்த முறைக்கு வழி காண வேண்டும். ஊர் முன்னிலையில் சத்தியம் வாங்கக் கூடாது. வீட்டுப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டு துணை நிற்க வேண்டும் என்றும் பொருளல்ல. அவர்களின் பாதுகாப்பே முதன்மை. குடும்ப வன்முறைக்கு நோய் சாக்காகாது.

அயோத்திதாசர் முன்வைத்த பௌத்தத்திலும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஏற்பித்த 22 உறுதிமொழிகளிலும் மது மறுப்பு உண்டு. அவ்வுறுதிமொழி சுயமரியாதைக்கானது. சறுக்கிய தோழரை அடிக்கும் கோலாக அதனைப் பயன்படுத்துவது அண்ணலுக்குச் செய்யும் மரியாதையாகாது.

நம் சாட்சியின் குறுக்கு விசாரணை அன்று முடியாமல் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு தோழர்கள் அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்து நாட்கள் மாறி மாறி உடன் இருந்தார்கள். குடிப்பவர் என்பதாலேயே ஒருவர் சாட்சி சொல்லும் தகுதியை இழப்பதில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிந்தால் போதும் என்பதே சாட்சியச் சட்டம். அடுத்த வாய்தாவில் அதே கேள்வி மீண்டும் வந்தது. "குடித்தது உண்மைதான் ஐயா. என்னை அடித்ததும் உண்மைதான்" என்றார். வழக்கு நடக்கிறது. ஒதுங்கிப்போன தோழர்களில் இருவர் சென்ற வாய்தாவுக்கு வந்திருந்தார்கள்.