92 போதுமா, 95 வேண்டுமா? தீவகத்துச் சின்னக் கார்க்காரருக்கு ஒரு விளக்கம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று போகிற தீவக வீதிகளில் சுசுகி வகன்ஆர், அல்டோ, பழைய மாருதி 800, டொயோட்டா விற்ஸ், அக்குவா போன்ற கார்களை நாள்தோறும் காணலாம். சிக்கனத்துக்காக வாங்கிய கார்கள் இவை. பெற்றோல் செட்டுக்குப் போனதும் இவற்றை வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஒக்டேன் 92 பெற்றோல் அடிப்பதா, ஒக்டேன் 95 அடிப்பதா? விலை கூடியதை அடித்தால் எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும் என்று ஒருவர் சொல்வார். 92 அடித்தால் கார் இழுக்காது என்பார் இன்னொருவர்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். மேலே சொன்ன கார்கள் அனைத்துக்கும், எஞ்சின் ஒழுங்காக இருந்தால், 92 தாராளமாகப் போதும். ஏன் போதும் என்று தெரிந்துகொண்டால், உங்கள் கார் இந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஒக்டேன் எதைச் சொல்கிறது

எஞ்சின் சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. சரியான நேரத்தில் பிளக் பொறி தட்ட, சுவாலை பிளக்கிலிருந்து தொடங்கிச் சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் அமுக்கமும் சூடும் அளவு கடந்தால், சுவாலை வந்து சேருமுன்னரே ஓரத்தில் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது எழுகிற அதிர்வலைதான் சிறு சுத்தியலால் இரும்பில் தட்டுவது போன்ற அந்த ‘ணங், ணங்’ ஓசை. கராச்சில் இதை ‘நொக் அடிக்குது’ என்பார்கள். நெடுநாள் இப்படியே ஓடினால் பிஸ்டனும் வளையங்களும் பழுதாகும்.

இப்படித் தானாக வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஒக்டேன். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார். எளிதில் நொக் அடிக்காத ஐசோ-ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, மிக எளிதில் நொக் அடிக்கும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெற்றோலைச் சோதனை எஞ்சினில் ஓட்டும்போது, 92 பங்கு ஐசோ-ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போலவே அது நடந்துகொண்டால், அதன் ஒக்டேன் 92.

இந்த எண் பெற்றோலின் வலுவையோ சுத்தத்தையோ காட்டுவதில்லை. ஒரு லீற்றர் 92இல் கிடைக்கும் சக்தியும் ஒரு லீற்றர் 95இல் கிடைக்கும் சக்தியும் ஏறத்தாழ ஒன்றுதான். நமது செட்டுகளில் 95 பெற்றோலுக்கு ‘யூரோ 4’ என்று போட்டிருப்பது கந்தகம் குறைவு என்பதற்காக. அது ஒக்டேனோடு சேராத தனி விடயம், சுற்றுச்சூழலுக்கு நல்லது. ஆனால் காரின் வேகத்தை அது கூட்டாது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எஞ்சினுக்கும் ஒக்டேனுக்கும் உள்ள உறவை யாழ்ப்பாணத்தவர்கள் பட்டறிவால் கண்டவர்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. 1990களின் முதல் பாதியில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் தங்கியிருந்தவர்களுக்கும் அந்தப் புகையும் மணமும் மறந்திருக்காது.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிக மிகக் குறைவு. அப்படியிருந்தும் அந்தக் கார்கள் ஓடியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம். பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டருக்குள் உள்ள இடத்தையும் மேலே வந்து நிற்கும்போது எஞ்சியிருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுச் சொல்வதே அமுக்க விகிதம். 1940களின் இறுதியில் வந்த ஒஸ்ரின் ஏ40இல் அது 7.2க்கு 1தான். கலவையை அவ்வளவாக நெருக்காத எஞ்சின் என்பதால், தாக்குப்பிடிக்கும் தன்மை குறைந்த எரிபொருளையும் அது ஏற்றுக்கொண்டது. அதற்கும் ஒரு விலை இருந்தது: கரி படிந்தது, எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்தது, இழுவை குறைந்தது.

இன்றைய சின்னக் கார்களில் இந்த விகிதம் 10க்கு 1, 11க்கு 1 என்று உயர்ந்துவிட்டது. கூடுதலாக அமுக்கினால் அதே பெற்றோலில் கூடுதல் வேலை கிடைக்கும் என்பதால் தயாரிப்பாளர்கள் உயர்த்தினார்கள். அமுக்கம் கூடக்கூட ஒக்டேன் தேவையும் கூடும். ஆக, எவ்வளவு ஒக்டேன் வேண்டும் என்பதை எஞ்சினின் அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த அளவுக்குக் கீழே போனால் கேடு. அதற்கு மேலே போவதால் நன்மை கிடையாது.

உங்கள் கார் எந்தப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது

பெற்றோல் மூடிக் கதவைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த வகன்ஆரிலோ விற்ஸிலோ ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஈயமற்ற ‘ரெகுலர்’ பெற்றோல் அடிக்கவும் என்பது அதன் பொருள். ஜப்பானியத் தரநிலையின்படி ரெகுலர் பெற்றோலின் ஒக்டேன் குறைந்தது 89. உயர்தரப் பெற்றோலுக்குக் குறைந்தது 96. அப்படியானால் 89இல் நிம்மதியாக ஓட வேண்டும் என்று செய்யப்பட்ட கார் அது. இங்கே கிடைக்கும் ஆகக் குறைந்த 92கூட அதன் தேவைக்கு மேலேதான் நிற்கிறது.

இந்தியாவிலிருந்து வந்த மாருதி, அல்டோ, முச்சக்கரவண்டி ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். அங்கே சாதாரணப் பெற்றோலின் தரநிலை பல ஆண்டுகளாக 91ஆக இருந்தது.

அக்குவா வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: அதன் அமுக்க விகிதம் 13க்கும் மேல், அதற்கு 95 வேண்டாமா? வேண்டாம். அந்த ஹைபிரிட் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு பிந்தித்தான் மூடும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வெளியேறிய பின்னரே அமுக்கம் தொடங்குவதால், கடதாசியில் 13 என்றிருந்தாலும் கலவை உண்மையில் அவ்வளவு நெருக்கப்படுவதில்லை. ஜப்பானில் அதுவும் ரெகுலர் பெற்றோலில் ஓடுகிற கார்தான்.

கனடாவின் 87, ஐரோப்பாவின் 95

புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவினர்கள் வந்து நிற்கும்போது இந்தக் கதை இன்னும் குழம்பும். “நாங்கள் அங்கை 87தான் அடிக்கிறனாங்கள்” என்பார் கனடாக்காரர். “எங்களுக்கு 95க்குக் கீழை இல்லையே” என்பார் பிரான்ஸ்காரர். இருவர் சொல்வதும் சரி. அளக்கும் முறைதான் வேறு.

ஒக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று எஞ்சினை மெதுவாக, இலகுவான நிலையில் ஓட்டி அளப்பது. மற்றது கூடுதல் வேகத்திலும் கூடுதல் சூட்டிலும் அளப்பது. இதில் எண் குறைவாக வரும். இலங்கை, ஜப்பான், இந்தியா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் முதல் சோதனையின் எண்ணைப் பம்பில் போடுகின்றன. கனடாவும் அமெரிக்காவும் இரண்டின் சராசரியைப் போடுகின்றன. ஆகவே கனடாவின் 87 ஏறத்தாழ நம்முடைய 91, 92க்குச் சமம். ஐரோப்பாவில் பொதுப் பெற்றோலே 95 என்பதால் அங்கே செய்யப்படும் கார்கள் அதை எதிர்பார்க்கின்றன.

95 எப்போது தேவை

ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ 95 என்று எழுதியிருந்தால் 95 அடியுங்கள். ஐரோப்பியக் கார்களுக்கும், உயர்தரப் பெற்றோல் கேட்கும் ஜப்பானியக் கார்களுக்கும் இது பொருந்தும். டேர்போ என்றாலே 95 என்றும் இல்லை. ரெகுலர் பெற்றோலில் ஓடும் சின்ன டேர்போக் கார்களும் ஜப்பானில் உண்டு. ஸ்டிக்கர் சொல்வதே முடிவு. 95 கேட்கும் காருக்கு ஒருமுறை 92 மட்டுமே கிடைத்தால் பயப்பட வேண்டாம். புதிய கார்களில் நொக் உணரும் கருவி இருக்கும். அது பொறி தட்டும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்து எஞ்சினைக் காக்கும். அடுத்த முறை 95 அடிக்கும் வரை எஞ்சினை முறுக்காமல் ஓட்டுங்கள். இரண்டையும் கலந்தும் அடிக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 93.5 கிடைக்கும்.

92 கேட்கும் கார் 92இலேயே நொக் அடித்தால் காரணத்தைத் தேட வேண்டும். பழைய எஞ்சினில் கரி படிந்திருக்கலாம், தவறான பிளக் போட்டிருக்கலாம், றேடியேற்றரில் தண்ணீர் குறைந்து சூடு ஏறியிருக்கலாம். கார்பரேற்றர் வைத்த மாருதி 800 என்றால் பொறி நேரம் பிசகியிருக்கலாம். இந்த நிலையில் 95 அடித்தால் ஓசை அடங்கும். நோய் அப்படியே இருக்கும்.

தீவகம் தட்டையான நிலம். ஏற்றம் கிடையாது, வீதிகளில் பெரும் வேகமும் இல்லை. எஞ்சினுக்குச் சுமை குறைவு என்பதால் இங்கே நொக் வெளிப்படாமலே இருக்கலாம். அதே காரில் ஐந்து பேரும் பொதிகளும் ஏறிக் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது, ஏற்றத்தில் கண்ணாடியை இறக்கிக் காது கொடுங்கள். ஓசை கேட்டால் கியரைக் குறைத்து, திரும்பியதும் மிக்கனிக்கிடம் காட்டுங்கள்.

தீவகத்தில் இதைவிடக் கவனிக்க வேண்டியது

நம்முடைய நிலைமையில் பெற்றோலின் எண்ணைவிட அது எப்படி வருகிறது, எவ்வளவு காலம் கிடக்கிறது என்பது முக்கியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குத் தரைவழி இல்லை. அங்குள்ள மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் வேண்டிய எரிபொருள் கடல் கடந்துதான் வர வேண்டும். மற்றத் தீவுகளிலும் வீட்டில் ஒரு கானில் பெற்றோல் வைத்திருக்கும் பழக்கம் 2022 எரிபொருள் நெருக்கடியோடு பலருக்கு வந்தது.

அந்தக் கானில்தான் ஆபத்து. கடற்றொழில் செய்யும் வீடுகளில் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கொண்டுவரும் கான் இருக்கும். அதே கானில் பெற்றோல் வாங்கினால் அடியில் கிடக்கும் மண்ணெண்ணெய் கலந்து ஒக்டேனைக் கீழே இழுக்கும். அந்த இயந்திரம் மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. உங்கள் வகன்ஆர் அப்படியல்ல. 95 வாங்கி அந்தக் கானில் ஊற்றினால் கூடக் கொடுத்த காசு வீண். பெற்றோலுக்கென்று இறுக்கமான மூடியுள்ள தனிக் கானை வைத்துப் பெயர் எழுதிவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். கானை நிலத்தில் வைத்தே நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பாமல், வெயிலில் பெற்றோல் விரிய இடம் விடுங்கள். ஆட்கள் ஏறும் படகில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். பெற்றோல் ஆவி நெருப்பைத் தேடிப் போகும். நடுக்கடலில் இறங்கி ஓட இடமில்லை.

இன்னொன்று, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடும் கார்கள். பல மாதம் கிடந்த பெற்றோலில் இலகுவாக ஆவியாகும் பகுதி போய்விடும், பிசின் போன்ற கசடு உண்டாகும். உப்புக் காற்றின் ஈரம் அரைகுறையாகக் கிடக்கும் தாங்கிக்குள் தண்ணீராகப் படியும். 95 அடித்து நிறுத்திவைத்தாலும் இதே கதிதான். பொறுப்பான ஒருவரைக் கொண்டு இடையிடையே காரை ஓட்டி, புதிய பெற்றோல் அடிப்பதே வழி.

மிச்சமாகும் காசு

2022 யூன் 26ஆம் திகதி விலையேற்றத்தில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கும் 95 பெற்றோல் 550 ரூபாய்க்கும் போனதை மறக்க முடியாது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அவை 299, 361 ரூபாயாக இறங்கியிருந்தன. இறங்கிய பின்னரும் அப்போது இடைவெளி லீற்றருக்கு 62 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில், ஒருமுறை 25 லீற்றர் அடிப்பவருக்கு 1550 ரூபாய், மாதம் இருமுறை அடித்தால் 3100 ரூபாய், ஆண்டுக்கு 37,200 ரூபாய். இந்தக் காசில் நேரத்துக்கு ஒயில் மாற்றலாம், காற்று வடிகட்டியும் பிளக்கும் புதிதாகப் போடலாம், ரயர்க் காற்றைச் சரிபார்க்கலாம். எஞ்சினின் ஆயுளையும் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தையும் கூட்டுபவை இவைதான்.

இன்னும் ஐயம் தீரவில்லை என்றால் நீங்களே சோதியுங்கள். தாங்கியை நிரப்பி, வழக்கமான பாதையில் ஓடி, மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் வகுத்து எழுதி வையுங்கள். 92இல் சில தடவை, 95இல் சில தடவை. ஒழுங்காக இருக்கும் சின்னக் காரில், கூடக் கொடுத்த காசை ஈடுசெய்யும் அளவுக்கு வித்தியாசம் வராது. பெரிய வித்தியாசம் வந்தால் எஞ்சினில் ஏதோ கோளாறு இருக்கிறது. காரைக் கராச்சுக்குக் கொண்டுபோங்கள்.