திட்டங்களை வகைப்படுத்துதல்: கோலார் தரும் பாடம்

திட்டங்களைத் தொழில் வாரியாகவோ, முதலீட்டின் அளவைக் கொண்டோ வகைப்படுத்துவது வழக்கம். நிதி ஒதுக்கீட்டிற்கு இது போதும், நிர்வாகத்திற்குப் போதாது. அங்கு நிர்வாகச் சிக்கலே அளவுகோலாக வேண்டும்.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. இன்றைய கணக்கில் அது சிறிய மின் திட்டமே. ஆயினும் மைசூர் அரசு, சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து செயல்பட வேண்டியிருந்தது. நெடுந்தொலைவு மின்கடத்தல் இந்நாட்டுக்குப் புதிது. மின்நிலையம், மின்பாதை, சுரங்க இயந்திரங்கள் ஆகியவற்றுள் ஒன்று தாமதித்தாலும் மற்றவை பயனற்று நின்றிருக்கும்.

தங்கச் சுரங்கமும் இதற்குச் சான்று. தொழில் ஒன்றே, ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றபோது வெப்பம், பாறை வெடிப்பு, காற்றோட்டம், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆழம் குறைந்த சுரங்கத்திற்கான மேற்பார்வை முறை அங்கு பயன்படாது.

எனவே, திட்டம் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: எத்தனை அமைப்புகள் இணைய வேண்டும்? தொழில்நுட்பம் எவ்வளவு புதிது? ஒரு பணியின் தாமதம் எத்தனை பணிகளை முடக்கும்? விடைகளுக்கேற்பவே திட்ட அதிகாரியின் அதிகார வரம்பு அமைய வேண்டும். சிக்கல் மிகுந்த திட்டத்தைச் சிறியதென்று கருதி, முடிவெடுக்கும் உரிமையற்ற ஒருவரிடம் ஒப்படைத்தால் தாமதமும் கூடுதல் செலவுமே மிஞ்சும்.