வட்டி குறைந்தது, கில்ட் ஃபண்ட் ஏன் இறங்கியது?

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தார். கால் சதவீதம் குறையும் என்றுதான் சந்தையில் பெரும்பாலோர் எதிர்பார்த்திருந்தார்கள், கிடைத்தது அரை. கூடவே, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் போட்டு வைக்க வேண்டிய சிஆர்ஆர் தொகையும் 4 சதவீதத்திலிருந்து 3 ஆக, செப்டம்பர் தொடங்கி நான்கு தவணைகளில் குறையும் என்றார். வங்கிகளின் கைக்கு வரக்கூடிய பணம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

பங்குச் சந்தை உடனே கொண்டாடியது. கடன் மலிந்தால் வீடும் காரும் விற்கும், வங்கிகள் கூடுதலாகக் கடன் கொடுக்கும் என்பது அதன் கணக்கு. சென்செக்ஸ் சுமார் 747 புள்ளிகள் ஏறியது, நிஃப்டி 25,000-ஐத் தொட்டு முடிந்தது. பங்கு ஃபண்டில் எஸ்ஐபி போடுகிறவருக்கு அந்த வாரத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

குழம்பிப்போனவர்கள், அரசுப் பத்திரங்களில் பணம் போடும் கில்ட் ஃபண்டை வைத்திருந்தவர்கள். வட்டி குறைந்தால் பத்திரங்களின் விலை ஏறும், ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பான என்ஏவியும் ஏறும் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? இங்கே அரை சதவீதம் குறைத்த பிறகும் என்ஏவி கீழே போனால் எப்படி? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

வருடத்துக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. சந்தையில் இப்போது புதிதாக வரும் பத்திரங்கள் 8 ரூபாய் தருகின்றன. உங்களுடையதை 100 கொடுத்து யார் வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் போகும். முதிர்வுக்கு இன்னும் ஒரே வருடம் என்றால் 99.07 ரூபாய்க்குப் போகும். பத்து வருடம் இருந்தால் 93.29. முப்பது வருடம் இருந்தால் 88.74. பத்திரம் அதேதான், வட்டி மாற்றமும் அதே ஒரு ரூபாய்தான். முதிர்வு தள்ளிப்போகப் போக அடி பலமாக விழுகிறது. சந்தை வட்டி குறையும்போது இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும், நீண்ட காலப் பத்திரம்தான் அதிகம் ஏறும். ஃபண்ட் வைத்திருக்கும் பத்திரங்களை ஒவ்வொரு நாளும் அன்றைய சந்தை விலைக்கே மதிப்பிடுகிறார்கள். ஆகவே இந்த ஆட்டம் அப்படியே என்ஏவியில் தெரியும்.

இனி ஜூன் 6-க்கு வருவோம். ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய நாட்களுக்கு வாங்கும் கடனுக்கான வட்டி. அதைக் குறைத்தால் 91 நாள் கருவூல உண்டியலின் வட்டி சொன்னபடி இறங்கும். பத்து, முப்பது வருடப் பத்திரங்கள் அதன் சொல்லைக் கேட்பதில்லை. அவை பார்ப்பது அடுத்து என்ன வரும் என்பதைத்தான். பிப்ரவரியில் கால், ஏப்ரலில் கால், இப்போது அரை என்று நான்கு மாதத்தில் ஒரு சதவீதம் குறைந்துவிட்டது. அன்றைய அறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை, வட்டிக் குறைப்புக்கு இடம் தரும் ‘இணக்கம்’ என்பதிலிருந்து ‘நடுநிலை’க்கு மாற்றியது. மேலும் குறைக்க இனி இடம் அதிகமில்லை என்றும் ஆளுநர் சொன்னார். என்னைக் கேட்டால், அன்றைக்குப் பெரிய செய்தி அரை சதவீதம் அல்ல, இந்த வாக்கியம்தான். தலைப்புச் செய்திகளில் அது பின்னால் போய்விட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆண்டின் முதல் சில மாதங்களில் ரிசர்வ் வங்கியே சந்தையில் இறங்கி அரசுப் பத்திரங்களை ஏராளமாக வாங்கியிருந்தது. சிஆர்ஆர் வழியாகப் பணம் வரப்போகிறது என்றால், அப்படி வாங்க வேண்டிய அவசியம் குறையும். பெரிய வாங்குநர் ஒருவர் ஒதுங்கக்கூடும் என்று தெரிந்ததும் நீண்ட காலப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள். விலை இறங்கியது, அந்த விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமான விகிதமான யீல்டு ஏறியது. அது ஒரு வாரத்தோடு நிற்கவும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் 6.3 சதவீதத்தை ஒட்டியிருந்த பத்து வருட அரசுப் பத்திரத்தின் யீல்டு, ஆகஸ்ட் இறுதியில் 6.5-ஐத் தாண்டி நின்றது. இத்தனைக்கும் அந்த இடைவெளியில் ரெப்போ அதே 5.5-தான்.

அரசுப் பத்திரம் என்பதால் கில்ட் ஃபண்டில் ஆபத்தே இல்லை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபம் தரும் பேச்சு. 2021 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடன் ஃபண்டும் ஒன்பது கட்டங்கள் உள்ள அட்டவணையில் தன் அதிகபட்ச ஆபத்தைக் காட்ட வேண்டும் என்பது, ஃபண்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் விதி. ஏ, பி, சி என்பது கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பதற்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்பது வட்டி மாறினால் விலை எவ்வளவு ஆடும் என்பதற்கு. கில்ட் ஃபண்டுகளுக்கு வழக்கமாக ஏ-மூன்று. பணம் திரும்பி வரும், ஆனால் விலை பலமாக ஆடும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஓர் எண் இருக்கும். அது 9 என்றால், யீல்டு கால் சதவீதம் ஏறும்போது என்ஏவி ஏறக்குறைய 2.25 சதவீதம் இறங்கும். அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை இப்படிப்பட்ட ஃபண்டில் வைப்பது சரியல்ல. அதற்கு லிக்விட் ஃபண்ட் போதும். பதினைந்து வருடம் கழித்து வேண்டிய பணமென்றால் ஒரு ஜூன் மாத இறக்கம் பெரிய விஷயமில்லை. பயந்துபோய் ஃபண்டை மாற்றத் துடிக்கிறவர்கள் வரியையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டில் வரும் லாபத்துக்கு, எத்தனை வருடம் வைத்திருந்தாலும், உங்கள் வருமான வரி வரம்பின்படிதான் வரி.