அனுப்ப மறந்தோமா, அனுப்பியதை மறந்தோமா? வியாபாரக் கடிதத்தில் 'டு'வும் 'இங்'கும்



குஜிலியம்பாறையிலும் பாளையத்திலும் எரியோட்டிலும் மளிகைக் கடை நடத்தும் நமக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் அது தேவையில்லைதான். ஆனால் நம் சரக்கு வரும் வழியைப் பாருங்கள். மிளகாய் வற்றல் குண்டூரிலிருந்து வருகிறது. சீரகம் குஜராத் மாநிலம் ஊஞ்சாவிலிருந்து வருகிறது. துவரம் பருப்பு கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்து வருகிறது. அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. போனில் எப்படியோ பேசிச் சமாளித்து விடுகிறோம். எழுத்து என்று வந்தால் இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் இரண்டு வரியும் எழுத்துதான். பேச்சு காற்றோடு போகும். எழுத்து சாட்சியாக நிற்கும்.

அந்த எழுத்தில் நம்மவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வினைச்சொல்லுக்குப் பின் இன்னொரு வினை வரும்போது, அதன் முன்னால் 'டு' போடுவதா, பின்னால் 'இங்' சேர்ப்பதா என்பதே அது. ஆங்கில இலக்கணத்தில் 'டு செண்ட்' என்பதை இன்ஃபினிடிவ் என்றும், 'செண்டிங்' என்று பெயர்ச்சொல் போல வருவதை ஜெரண்ட் என்றும் சொல்வார்கள். பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். இரண்டும் நம் தமிழில் இருப்பவையே. 'அனுப்ப', 'வாங்க', 'விற்க' என்பவை வினையெச்சம். 'அனுப்புதல்', 'அனுப்புவது', 'அனுப்பியது' என்பவை தொழிலுக்குப் பெயராக வருபவை. பெயர் என்பதால் 'ஐ' உருபு ஏற்று 'அனுப்புவதை', 'அனுப்பியதை' என்று ஆகும்.

இதை வைத்தே ஒரு சுலபமான வழி சொல்கிறேன். எழுத வேண்டிய வாக்கியத்தை முதலில் மனத்தில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அனுப்ப' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'டு செண்ட்'. 'அனுப்புவதை' அல்லது 'அனுப்பியதை' என்று வந்தால் 'செண்டிங்'. பெரும்பாலான இடங்களில் இது சரியாகவே பொருந்தும்.

அனுப்பச் சம்மதித்தோம் என்பது 'வி அக்ரீடு டு செண்ட்'. அனுப்பத் தீர்மானித்தோம் என்பது 'வி டிசைடட் டு செண்ட்'. வாங்க விரும்புகிறோம் என்பது 'வி வான்ட் டு பை'. அனுப்பத் தவறினார்கள் என்பது 'தே ஃபெயில்டு டு செண்ட்'. இவை எல்லாம் 'டு' கூட்டம்.

அனுப்புவதை ஒத்திவைத்தோம் என்பது 'வி போஸ்ட்போன்டு செண்டிங்'. கடன் கொடுப்பதைத் தவிர்க்கிறோம் என்பது 'வி அவாய்டு கிவிங் கிரெடிட்'. வாங்குவதைப் பரிசீலிக்கிறோம் என்பது 'வி ஆர் கன்சிடரிங் பையிங்'. இவை 'இங்' கூட்டம்.

இது வெறும் அழகுக்கான விஷயமாக இருந்தால் இந்தப் பக்கத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். சில வினைகளில் 'டு' மாறி 'இங்' ஆனால் பொருளே தலைகீழாகி விடும். அங்கேதான் பணம் போகிறது.

முதலாவது 'ஸ்டாப்'. 'வி ஸ்டாப்டு பையிங்' என்றால் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்று பொருள். 'வி ஸ்டாப்டு டு பை' என்றால் வாங்குவதற்காக நின்றோம் என்று பொருள். சரக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்து இரண்டாவதை எழுதினால், அனுப்புகிறவர் குழம்பிப்போய் வழக்கம் போலவே லாரி ஏற்றிவிடலாம்.

இரண்டாவது 'ஃபர்கெட்'. 'வி ஃபர்காட் டு செண்ட் தி டிராஃப்ட்' என்றால் டிராஃப்டை அனுப்ப மறந்துவிட்டோம். அதாவது இன்னும் அனுப்பவில்லை. 'வி ஃபர்காட் செண்டிங் தி டிராஃப்ட்' என்றால் அனுப்பியாயிற்று, அனுப்பியதுதான் நினைவில் இல்லை. பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதே இந்த ஓர் எழுத்தில் மாறிவிடுகிறது.

மூன்றாவது 'ரிமெம்பர்'. இதுதான் மிகவும் ஆபத்தானது. சரக்கு அனுப்பியவர் பாக்கி கேட்டு எழுதுகிறார். நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். 'கட்டியது நினைவிருக்கிறது' என்பதற்கு 'ஐ ரிமெம்பர் பேயிங்' என்று எழுத வேண்டும். அதை விட்டு 'ஐ ரிமெம்பர் டு பே' என்று எழுதினால், 'கட்ட வேண்டியது நினைவில் இருக்கிறது, கட்டுகிறேன்' என்றே படிப்பவர் கொள்வார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, கெடு முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாகக் கெடு ஓடத் தொடங்கும். கட்டி முடித்த பணத்துக்கு நாமே பாக்கி ஒப்புக்கொண்டோம் என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கலாமா?

நான்காவது 'மறுத்தல்'. தமிழில் சரக்கை எடுக்க மறுத்தோம் என்றும் சொல்கிறோம். சரக்கை எடுத்ததை மறுத்தோம் என்றும் சொல்கிறோம். வினை ஒன்றே. ஆங்கிலத்தில் வினையே வேறு. எடுக்க மறுத்தோம் என்பது 'வி ரெஃப்யூஸ்டு டு டேக் டெலிவரி'. எடுத்ததை மறுத்தோம் என்பது 'வி டினைடு டேக்கிங் டெலிவரி'. மூட்டை நனைந்திருந்ததால் எடுக்காமல் திருப்பினவர், 'வி டினைடு டு டேக் டெலிவரி' என்று இரண்டையும் கலந்து எழுதுவது நம்மிடையே சாதாரணம். அது பிழை. படிப்பவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பொருள் கொள்வார்.

ஐந்தாவது 'ரிக்ரெட்'. விலை ஏறியதைத் தெரிவிக்க வருந்துகிறோம் என்பதற்கு 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. 'வி ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்றால், முன்பு தெரிவித்ததற்காக இப்போது வருந்துகிறோம் என்று ஆகிவிடும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். இந்த ஐந்து இடங்களிலும் 'டு' முன்னோக்கிப் பார்க்கிறது. இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. 'இங்' நடந்ததை அல்லது நடந்து வருவதைச் சொல்கிறது. நம் சட்டங்களிலும் இந்த 'டு' இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 4ஆம் பிரிவு 'சேல்' என்பதையும் 'அக்ரிமென்ட் டு செல்' என்பதையும் பிரித்துச் சொல்கிறது. முதலாவதில் சரக்கின் உடைமை வாங்குபவருக்கு அப்போதே மாறிவிடும். இரண்டாவதில் பின்னொரு நாளிலோ, ஒரு நிபந்தனை நிறைவேறிய பிறகோதான் மாறும். வேறு பேச்சு இல்லாத பட்சத்தில், உடைமை மாறும் வரை சரக்குக்கு வரும் சேதம் விற்பவரையே சேரும் என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறுகிறது.

இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமானால் கல்லாப்பெட்டியைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் வங்கியின் நூறு ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்துக்கு மேலே 'ஐ ப்ராமிஸ் டு பே தி பேரர்' என்று தொடங்கும் வாசகம் இருக்கிறது. இந்த நோட்டைக் கொண்டுவருபவருக்குத் தருவேன் என்ற வாக்குறுதி அது. 'ப்ராமிஸ்' என்றால் பின்னால் 'டு' என்பதை இனி யாரும் மறக்க வேண்டியதில்லை. புரோ நோட்டிலும் அதே 'ப்ராமிஸ் டு பே'தான்.

இனி விதிவிலக்குகள். நான் சொன்ன தமிழ் வழி எல்லா இடத்திலும் ஓடாது. 'தருவதாக வாக்களித்தோம்', 'வரும் என்று நம்புகிறோம்', 'வருவதை எதிர்பார்க்கிறோம்' என்று தமிழ் பலவாறு வந்தாலும், 'ப்ராமிஸ்', 'ஹோப்', 'எக்ஸ்பெக்ட்' மூன்றும் 'டு'வையே கேட்கும். 'சஜஸ்ட்' என்பது 'இங்' கேட்கும். 'வி சஜஸ்ட் யூ டு செண்ட்' என்பது தவறு, 'வி சஜஸ்ட் செண்டிங்' என்பதே சரி. ஆனால் 'ரிக்வெஸ்ட்' வந்தால் 'வி ரிக்வெஸ்ட் யூ டு செண்ட்' என்பது சரி.

'ஃபார்', 'இன்', 'பிஃபோர்', 'இன்ஸ்டெட் ஆஃப்' போன்ற சொற்களுக்குப் பின் எப்போதும் 'இங்' வரும். 'தேங்க் யூ ஃபார் செண்டிங் தி சாம்பிள்', 'வி ஆர் இன்ட்ரஸ்டட் இன் பையிங்' என்று எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு பொறி. 'டு' என்று கண்ணில் பட்டாலும் சில இடங்களில் அது இன்ஃபினிடிவ் 'டு' அல்ல. 'ஃபார்', 'இன்' போல அதுவும் ஒரு தனிச்சொல். கடிதத்தின் முடிவில் நாம் எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்டு டு' அப்படிப்பட்டது. அதன் பின் 'ரிசீவிங் யுவர் ரிப்ளை' என்று வர வேண்டும். 'ரிசீவ்' என்று வரக்கூடாது. இன்னொன்று நம் தொழிலுக்கே உரியது. 'வி யூஸ்டு டு கிவ் கிரெடிட்' என்றால் முன்பு கடன் கொடுத்து வந்தோம், இப்போது இல்லை. 'வி ஆர் யூஸ்டு டு கிவிங் கிரெடிட்' என்றால் கடன் கொடுப்பது எங்களுக்குப் பழக்கம். கடனை நிறுத்திய கடைக்காரர் இரண்டாவதை எழுதினால், படித்தவர் தைரியமாகக் கடன் கேட்பார்.

கடையில் பையன்களைக் கொண்டு செய்தி அனுப்புபவர்கள் 'ஸ்டாப்', 'ஃபர்கெட்', 'ரிமெம்பர்', 'டினை', 'ரெஃப்யூஸ்', 'ரிக்ரெட்' என்ற ஆறு வினைகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கணக்கு மேஜையின் மேல் ஒட்டி வைக்கலாம். இந்த ஆறில் ஒன்று வரும்போது மட்டும், அனுப்புமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும். பில்லில் கூட்டல் சரிபார்க்க ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது.